களவெட்டிக் காணியும் சொல்லாமல் விட்ட சொல்லும்

விவசாயப் போதனாசிரியர்களாக இந்த வருடம் நியமனம் பெற்ற உங்களில் மூன்று பேர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்து, இறுகிப்போன மண்ணுக்கு எந்தப் பசுந்தாட் பசளை நல்லது என்று கேட்டீர்கள். சணல் என்றேன். ஏக்கருக்கு எவ்வளவு விதை, எத்தனையாம் நாள் மடக்கி உழுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு நீங்கள் போன பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று மனம் உறுத்தியது. சணல் விடயத்தில் நான் செய்த பெரிய பிழை கையேட்டில் இல்லாத ஓர் இடத்தில் தொடங்கியது. அதை எழுதி வைக்கிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

நான் நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்காரன். வாப்பாவிடம் இரண்டு கைத்தறிகள் இருந்தன. நூலோடு வளர்ந்த நான், விஞ்ஞானப் பாடம் நன்றாக வந்ததால் விவசாயப் பாடசாலைக்குப் போய், டிப்ளோமாவோடு திரும்பி, சில வருடங்களின் பின் சம்மாந்துறைக்கு அப்பால் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களுக்குப் பொறுப்பாக மாற்றப்பட்டேன். அங்கே ஒரு வாய்க்காலில் நீர் பாயும் வயல்கள் சேர்ந்ததை வட்டை என்பார்கள். வட்டையில் என்னை முதல் நாள் கண்டவர்கள் சிரித்தார்கள்.

"மருதமுனைச் சேரா? அப்ப வெள்ளாமைக்கும் பாவு நூல் ஓட்டுவாராக்கும்," என்றார் ஒருவர்.

"சாயமும் போடுவார். மஞ்சளடிச்சாப் பச்சச் சாயம்," என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே கிடந்தது. இவர்களுக்கு ஒரு நாள் காட்டவேண்டும் என்ற பிடிவாதம் அன்றே பிடித்துக்கொண்டது. 

இன்னொன்றும் அந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. கூட்டத்தில் நான் எதைச் சொன்னாலும், "இன்ஷா அல்லாஹ் செய்வம் சேர்" என்பார்கள். செய்யமாட்டார்கள். விதை நெல்லை மாற்றுங்கள் என்றால் இன்ஷா அல்லாஹ். வைக்கோலை எரிக்காதீர்கள் என்றால் இன்ஷா அல்லாஹ். மறுநாள் வட்டை முழுக்கப் புகை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் சொல் இது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். இறைவன் நாடினால் என்ற அந்தச் சொல்லைப் பள்ளிவாசலில் சொல்வேன், வயலில் சொல்லமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். அதிகாரி என்றால் உறுதியாகச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், மாரி அறுவடை முடிந்த கையோடு முகைதீன்பாவா காக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வாய் ஓயாது.

"சேர், என்ட காணிக்கு ஒரு வருத்தம். வயித்து வருத்தமா நெஞ்சு வருத்தமா எண்டு தெரியா. வந்து கை புடிச்சுப் பாருங்க."

போனேன். இரண்டு ஏக்கர். வாய்க்காலின் கடைசியில் இருந்தது. ஒரு ஏக்கரில் அறுத்த தாள் அடர்த்தியாக நின்றது. மற்ற ஏக்கரில் அங்கொன்றும் இங்கொன்றும். அந்தப் பாதியில் மம்பட்டியைப் போட்டேன். ணங் என்றது. இரும்பு மேலே எழும்பியது, பிடி உள்ளங்கையில் அதிர்ந்தது.

"இது என்ன காக்கா, களவெட்டியா?" என்றேன் விளையாட்டாக.

"ஓம் சேர். களவெட்டிதான்."

உண்மையாகவே அது அந்த வட்டையின் சூடு மிதிக்கும் களமாக இருந்த நிலம். அவருடைய மூத்த வாப்பா காலத்திலிருந்து சுற்றியுள்ள வயல்காரர் எல்லாம் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து அங்கேதான் போட்டிருக்கிறார்கள். முதலில் எருமைகள் சுற்றிச்சுற்றி மிதித்தன. பிறகு உழவு இயந்திரங்கள் வந்து டயரால் மிதித்தன. களத்தை வேறிடத்துக்கு மாற்றி மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அதில் நெல் விதைத்துப் பார்த்தார். வேர் விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

உங்களில் வெளி மாவட்டத்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடும் காணியும் பெண்ணின் பேரில் எழுதப்படும். முகைதீன்பாவாவுக்கு ஒரே மகள், ஜெசீமா. சூறாவளியில் தென்னைகளும் வீட்டுக் கூரையும் போய்விட்டன. இருந்ததைப் போட்டு மகளுக்கென்று வீட்டைத் திருத்தியபின் மிஞ்சியது இந்த இரண்டு ஏக்கர்தான். சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி வாயொப்பமாகிவிட்டது. அறுவடை நேரம் மாப்பிள்ளையின் வாப்பா காணியைப் பார்க்க வந்திருக்கிறார். வரம்பில் நின்று இந்தப் பாதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"காணி எண்டு களவெட்டிய எழுதுறீங்க. சூடு மிதிக்கவா என்ட மகன எடுக்கிறீங்க?"

அடுத்த மாரியில் அந்தப் பாதி விளைந்தால் கலியாணம், இல்லையென்றால் வேறு காணி என்பது அவர்கள் வைத்த பேச்சு. வேறு காணி இல்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

முகைதீன்பாவா இதை எல்லாம் வரம்பில் குந்திக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த மாரிக்குச் சரிவருமா சேர்?"

நான் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். களி மண். ஆழத்தில் கல் இல்லை, உப்பும் இல்லை. சணலின் ஆணிவேர் இதைத் துளைக்கும். தழையை மடக்கி உழுதால் மண் பொருபொருக்கும். பாடப் புத்தகத்துக்கு எடுத்த படம் மாதிரியான நிலம்.

"சரிவரும்," என்றேன்.

"திடமா?"

"திடமாச் சரிவரும் காக்கா."

அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல. செலவைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு, "அப்ப நான் மாப்பிள்ள ஊட்டுக்குச் சொல்லிடுறன்," என்றார்.

சித்திரை மழையின் ஈரத்தில் உழுது சணல் விதைத்தோம். நன்றாக முளைத்தது. முழங்கால் உயரம் வந்தபோது ஒரு காலை போய்ப் பார்த்தால் கட்டைகள்தான் நின்றன. ஐம்பது அறுபது மாடுகளின் குளம்படி.

"யார் மாடு?" என்று கத்தினேன்.

பக்கத்தில் நின்ற வட்டவிதானை, அதாவது தண்ணீர் முறையும் வட்டையின் ஒழுங்கும் பார்க்கிற மனிதர், பதறாமல் பதில் சொன்னார். "யார்ர மாடெண்டு தெரியும் சேர். ஆனாக் கேக்க ஏலா. அறுப்பு முடிஞ்சா வட்டை மாட்டுக்குத்தான். போகக் கூட்டத்தில விதைப்புக்குத் திகதி வைக்கும் மட்டும் அதுகள்ற ராச்சியம். வேலி போடாம விதைச்சது நீங்க."

"எனக்கு ஏன் முன்னமே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. விதைக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சூறாவளி முறித்த தென்னங்குற்றிகளை நட்டு, முள் கட்டி, வேலி போட்டோம். வாய்க்கால் அடைக்குமுன் வட்டவிதானை ஒரு முறைத் தண்ணீர் தந்தார். இரண்டாம் தரம் விதைத்தபோது இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

அந்த இரண்டு மாதம்தான் எல்லாவற்றையும் நெருக்கியது. சணல் இடுப்பளவு வந்து நின்ற நேரத்தில் போகக் கூட்டம் கூடி, விதைப்பின் கடைசித் திகதியை வைத்துவிட்டார்கள். வட்டவிதானை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்பவே மடக்கி உழுங்க சேர். அழுக நாள் வேணும்."

"இன்னும் மொட்டு வரல்ல. மொட்டு வந்தாத்தான் தழை நிறைய. பத்து நாள் பொறுப்பம்."

"தண்ணித் திகதிய நான் மாத்த ஏலா. சணல நீங்க மாத்தலாம்."

அவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரியாமல் இல்லை. மடக்கி உழுத பிறகு இரண்டு மூன்று கிழமை அழுகவிட்டுத்தான் நெல் விதைக்கவேண்டும் என்று நானே எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஏக்கர் சாதாரணமாக விளைந்தால் எனக்குப் போதாது. வரம்பில் நிற்பவர்கள் வாய் பிளக்கவேண்டும். மருதமுனைச் சேர் என்று சிரித்தவர்கள் வந்து கேட்கவேண்டும். அதற்குத் தழை நிறைய வேண்டும். பத்து நாள் பொறுத்தேன்.

எட்டாம் நாள் மழை பிடித்தது. பதினோராம் நாள்தான் உழவு இயந்திரம் இறங்கியது. தண்டு அதற்குள் முற்றியிருந்தது. மஞ்சள் பூவோடு மடங்கிச் சேற்றுக்குள் போனதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைசித் திகதிக்கு ஐந்து நாள் மிச்சம். ஐந்தாம் நாள் முளைநெல் வீசினோம்.

பன்னிரண்டாம் நாள் முகைதீன்பாவா ஆள் அனுப்பினார். போய் இறங்கினேன். கால் வைத்த இடமெல்லாம் குமிழ் கிளம்பியது. கூழ்முட்டை நாற்றம். ஒரு பயிரைப் பிடுங்கினேன். மேலே மஞ்சள், கீழே வேர் கறுத்து நூல்போலக் கழன்று வந்தது. இன்னொன்று பிடுங்கினேன். அதுவும் அப்படித்தான். சேற்றுக்குள் சணல் வெந்துகொண்டிருந்தது. நெல்லின் வேரும் அதோடு சேர்ந்து வெந்தது.

முகைதீன்பாவா வரம்பில் நின்றார். அன்று அவர் வாயில் பகிடி இல்லை.

"வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ள ஊட்டுக்காரர் பயிர் பார்க்க வாறாங்க சேர்."

ஆறு நாள் இருந்தது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நீரை முழுக்க வடித்து, மண்ணைக் காயவிட்டு, வேருக்குக் காற்றுக் கொடுப்பது. அப்படிச் செய்தால் பிழைக்கிற பயிர் பிழைக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் பார்க்கப்போவது வெடித்த சேறும் மஞ்சள் பயிரும்தான். வாய்க்காலின் கடைசிக்கு அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. மற்றது யூரியா. வேர் முழுக்கச் சாகாத பயிர் அதைக் குடித்துச் சில நாளைக்குப் பச்சையாக நிற்கும். அதன் பிறகு விழும்.

அவர் வீட்டில் வைத்துத்தான் இதைக் கதைத்தோம். ஜெசீமாவின் உம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனார். நான் இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"யூரியா போடுங்க சேர்," என்றார் முகைதீன்பாவா. "ஒரு கிழமைக்குப் பச்சையாக் காட்டினாப் போதும். பார்த்துப்போட்டு நாள் வைப்பாங்க. மறுகா மழ கூடிச்சு, பூச்சி அடிச்சிச்சு எண்டு ஆயிரம் சொல்லலாம்."

"அது பொய்க் காட்சி காக்கா. இருக்கிற பயிரும் போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி. அவட விசயமெண்டா நீங்க போடுவீங்களா மாட்டீங்களா?"

வீட்டில் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகளின் முகம் வந்தது. போடுவேன் என்றுதான் மனம் சொன்னது. அந்தப் பதிலை இன்றுவரை எவருக்கும் சொன்னதில்லை.

அப்போது அறைக் கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ஜெசீமாவின் குரல் வந்தது.

"வாப்பா, தண்ணிய வெட்டி உடுங்க."

"நீ சும்மா இரி புள்ள."

"என்ட பேர்ல எழுதப்போற காணிதானே. அழுகினதுக்கு மேல பச்சையப் பூசி, அதைக் காட்டியா நான் ஊட்டுக்கு மாப்பிள எடுக்கணும்? நாளைக்கு அது விழுந்தா அவங்க உங்களையா பேசுவாங்க? என்னைத்தானே பேசுவாங்க."

பிறகு முகைதீன்பாவா மூலையில் இருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வரம்பில் நீர் வடியும் வக்கடையை அவரே வெட்டித் திறந்தார். கறுத்த நீர் நுரையோடு வடிந்தது.

இங்கே ஒன்றை உங்களுக்கு மறைக்கக் கூடாது. அந்தப் பெண் அப்படிச் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. முடிவு என் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்ற நிம்மதி. என் பிழைக்கு இருபது வயதுப் பெண் திரைக்குப் பின்னால் நின்று பொறுப்பெடுத்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை வரை சும்மா இருக்க முடியவில்லை. புதன்கிழமை நானே சம்மாந்துறைக்குப் போனேன். மாப்பிள்ளை உழவு இயந்திரம் ஓட்டுபவர். முற்றத்தில் டயரில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். எத்தனை களவெட்டிகளை அந்த டயர்கள் மிதித்திருக்கும் என்று எனக்கு ஓடியது. சலாம் சொல்லிவிட்டு உள்ளே போய் அவருடைய வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணில் பிழையில்லை. சணல் தன் வேலையைச் செய்திருக்கிறது. பத்து நாள் பிந்தி உழச் சொன்னது நான். நெல் அழுகியது என்னால். இந்த மாரி அந்தப் பாதி விளையாது, அடுத்த மாரி விளையும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணியும் பணியாரமும் வந்தது. "படிச்ச நீங்க ஊடு தேடி வந்து உண்மையச் சொன்னீங்க. அதுக்கு மரியாத இரிக்கி," என்றார். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். படியில் வைத்துத்தான் சொன்னார்:

"அடுத்த மாரிக்குப் பார்ப்பம் சேர். இன்ஷா அல்லாஹ்."

எனக்கு உடனே விளங்கியது. எத்தனை கூட்டங்களில் கேட்ட சொல் அது! முற்றத்தில் நின்ற மகனுக்கும் விளங்கியிருக்கவேண்டும். டயரைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேரே வட்டைக்குப் போனேன். முகைதீன்பாவா வடிந்த வயலில் செத்த பயிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க சேர்?"

"அடுத்த மாரிக்குப் பார்ப்பம், இன்ஷா அல்லாஹ் எண்டாங்க."

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வரம்பில் உட்கார்ந்தார். அவருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வாய்க்கால் பக்கம் பார்த்தபடி இருந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் எனக்கு நல்லது என்றுகூட இருந்தது.

"அண்டைக்கு இதே வரம்பில நீங்க இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லல்ல சேர்," என்றார். "சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். சொல்லல்ல. படிச்ச மனிசன், அதுகூடச் சொல்லாமச் சொல்றார் எண்டா அவ்வளவு திடமாக்கும் எண்டு நினைச்சன். மாப்பிள்ள ஊட்டயும் அப்பிடித்தான் போய்ச் சொன்னன். சேர் இன்ஷா அல்லாஹ் போடாமச் சொன்ன சொல் எண்டு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தச் சொல்லைக் கோழைத்தனம் என்று வயலுக்கு வெளியே வைத்தேனோ, அது இல்லாததைத்தான் அவர் சத்தியம் என்று எடுத்திருக்கிறார். மாடு வரும், மழை முந்தும், திகதி நெருக்கும் என்று தெரிந்த மனிதர் அவர். இவற்றையெல்லாம் இந்த அதிகாரி ஏற்கனவே கணக்கில் எடுத்துவிட்டார், அதனால்தான் அந்தச் சொல் அவருக்குத் தேவைப்படவில்லை என்று நம்பியிருக்கிறார். நான் எதையும் எடுக்கவில்லை. மாடு வட்டைக்கு வரும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மாரி அந்தப் பாதியில் கால்வாசிதான் விளைந்தது. அரையாண்டு அறிக்கையில் ‘பசுந்தாட் பசளைச் செய்துகாட்டல்: திருப்தி' என்று எழுதினேன். அறிக்கைக்கு அது பொய்யும் இல்லை. அறுவடைக்குப் பிறகு மண்ணை வெட்டிப் பார்த்தபோது சணலின் ஆணிவேர் போன வழிகள் ஒரு முழம் ஆழத்துக்கு ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. அந்த ஓட்டைகளுக்குள் நெல்லின் வேர் இறங்கியிருந்தது. மண் திறந்துவிட்டது. பேச்சு முறிந்துவிட்டது. இரண்டாவதை எழுத அறிக்கையில் இடம் இல்லை.

அடுத்த வருடம் நான் போகக் கூசினேன். முகைதீன்பாவாவே ஆள் அனுப்பினார். வீட்டுக்குப் போனால் இந்த முறை கதைத்தது ஜெசீமா. திரை இருந்தது, ஆனால் முன்னைப்போல் மெதுவாகக் கதைக்கவில்லை. வேலி போட்டாயிற்று, விதை எடுத்தாயிற்று, வட்டவிதானையிடம் தண்ணீரும் கேட்டாயிற்று என்றாள். மொட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இளசாக மடக்கி உழுவோம் என்றேன்.

"இந்த முறை சரிவருமா சேர்?" என்று கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ்," என்றேன்.

திரைக்குப் பின்னால் சிரிப்பு. "எந்த இன்ஷா அல்லாஹ் சேர்? மாப்பிள்ள ஊட்டு இன்ஷா அல்லாஹ்வா?"

முகைதீன்பாவா, "புள்ள!" என்று அதட்டினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண் கலங்கியது.

"செய்யவேண்டியதெல்லாம் செய்துபோட்டுச் சொல்ற இன்ஷா அல்லாஹ்," என்றேன்.

அந்த மாரி நன்றாக விளைந்தது. அதற்கடுத்த மாரி வட்டையிலேயே அந்தப் பாதிதான் முதல் என்று வட்டவிதானை சொன்னார். என்னைப் பாவு ஓட்டுபவர் என்றவர்கள் சணல் விதை கேட்டு வந்தார்கள். நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது. ஜெசீமாவுக்குக் கலியாணம் நடந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. ஒரு பேச்சு முறிந்த பெண் என்ற பேர் அவ்வளவு காலம் கூடவே இருந்தது. தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போகிற அவளுடைய உம்மா அந்தக் கலியாணத்தைக் காண உயிரோடு இருக்கவில்லை.

கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். வெளிநாட்டுக்குப் போய் வந்த கல்முனைப் பையன் மாப்பிள்ளை. ஜெசீமா தன் மாமியோடு வந்து சலாம் சொன்னாள். "சேர், காணிக்கு ரெண்டு மாரி அவகாசம் குடுக்கணும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கி," என்றாள். "எனக்கு எவ்வளவு அவகாசம் இரிக்கி எண்டு ஒருத்தரும் கேக்கல்ல." குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு இருந்த சந்தோசத்தில் அதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

மண் விடயத்தில் உங்களுக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரியும். இப்போதைய பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் ஒரு வயலில் இறங்கி, இது சரிவரும் என்று வாய் திறக்குமுன், அந்த நிலம் யாருக்கு, எப்போதைக்குத் தேவை என்று கேளுங்கள். வரம்பில் நிற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். நிலம் யாருடைய பேரில் வரப்போகிறதோ அவரிடமும் கேளுங்கள். ஒரு போகத்தில் மண் திருந்தாது, இரண்டு மூன்று வேண்டும் என்று நான் அன்றே சொல்லியிருந்தால், மாப்பிள்ளை வீட்டாரோடு முகைதீன்பாவா வேறு விதமாகப் பேசியிருப்பார். முறிந்திருக்கலாம், முறியாமலும் இருந்திருக்கலாம். என் வீரம் இடையில் நுழைந்திருக்காது.

இப்போது என் மகளுக்கும் கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காணியைப் பற்றிக் கேட்டார்கள். "வாங்க, மம்பட்டியும் எடுத்துக்கொண்டு வாறன், நீங்களே போட்டுப் பாருங்க," என்றேன். சிரித்தார்கள். ஆனால் நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சரிவருமா வாப்பா?"

திடமாச் சரிவரும் மகள் என்று சொல்லத்தான் வாய் போனது. பெற்றவனுக்கு அதுதானே முதலில் வரும். முகைதீன்பாவா என் வாயைப் பார்த்து நின்றது ஞாபகம் வந்தது. வேலி போட்டேனா, எத்தனை நாள் இருக்கிறது, எதை இன்னும் கேட்கவில்லை என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். கேட்காதது ஒன்று இருந்தது.

"இன்ஷா அல்லாஹ்," என்றேன். "அதுக்கு முதல் இங்க வந்து இரி மகள். உனக்கு என்ன எண்ணம் எண்டு சொல்லு."

அவள் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.